வால்வு ஆம்ப் வாங்கியவருக்கு: எந்தக் குமிழை, எப்போது, எவ்வளவு திருப்புவது

வால்வு ஆம்ப்போடு (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் வைத்த கிடார் ஆம்ப்ளிஃபயர்) வரும் மேனுவலில் "ட்ரெபிள்: மேல்சுரங்களைக் கூட்டும், குறைக்கும்" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். எதை முதலில் வைப்பது, ஒன்றைத் தொட்டால் வேறு எது மாறும், எந்தத் தப்பு செய்தால் டிரான்ஸ்பார்மர் போய்விடும் என்பதெல்லாம் அதில் தேடினாலும் கிடைக்காது. கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர்கள், டெக்னீஷியன்கள், மேடையில் வாசிக்கும் நண்பர்கள் என்று ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகக் கேட்டு, வீட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சேர்த்தவை இவை. அடுத்து வாங்குபவருக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

உதாரணத்துக்கு மூன்று ஆம்ப்களை எடுத்துக்கொள்கிறேன்: ஃபெண்டர் புளூஸ் ஜூனியர், மார்ஷல் டிஎஸ்எல்20, வாக்ஸ் ஏசி15. மூன்றும் 15, 20 வாட் அளவில் உள்ளவை. புதிதாக வால்வு ஆம்ப் வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறார்கள். உங்களுடையது வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் இந்த மூன்று குடும்பங்களில் ஏதோ ஒன்றைச் சார்ந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சத்தமாக வாசிக்க முடியும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் மற்ற குமிழ்களுக்குப் போகவேண்டும். சத்த அளவு மாறினால் மற்ற எல்லாம் மாறும்.

1. வாங்கும்போதே: பின்பக்கத் தகடும் பில்லும்

ஆம்ப்பின் பின்னால் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் மூலம் வந்த ஆம்ப் என்றால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும். அதை நேராக நம்மூர் பிளக்கில் சொருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸோடு போகும். இல்லாவிட்டால் பவர் டிரான்ஸ்பார்மரும் வால்வுகளும் சேர்ந்து போகும்.

120 வோல்ட் ஆம்ப்புக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். தகட்டில் போட்டிருக்கும் வாட்டைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு விஏ (டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு) உள்ளதாக வாங்குங்கள். இங்கே கவனிக்கவேண்டிய வாட், ஆம்ப் கரண்டிலிருந்து இழுக்கும் வாட். ஸ்பீக்கருக்குப் போகும் 15 வாட்டை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். மலிவான ஸ்டெப்-டவுன்களில் வெளியே வரும் சாக்கெட் இரண்டு பின்தான் இருக்கும், எர்த் இருக்காது. அவற்றை வாங்கவே வாங்காதீர்கள். 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த டிரான்ஸ்பார்மர் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பில்லில் சீரியல் நம்பர் எழுதியிருக்கவேண்டும். பல கம்பெனிகள் ஆம்ப்புக்கு வருடக் கணக்கில் வாரண்டி தந்தாலும் வால்வுகளுக்கு 90 நாள்தான் தருகிறார்கள். ஆகவே முதல் மூன்று மாதத்தில் ஆம்ப்பை நன்றாக வாசித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் பரணில் வைத்தால் அந்த 90 நாள் வீணாகப் போகும். வெளிநாட்டில் வாங்கிய ஆம்ப்புக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் செல்லாது.

பழைய ஆம்ப் என்றால் வால்வுகள் எப்போது மாற்றப்பட்டன, எந்த டெக்னீஷியன் பார்த்தார், கபாசிட்டர்கள் மாற்றியதா என்று கேளுங்கள். அரை மணி நேரமாவது ஓடவிட்டு, சூடான பிறகும் ஒலி அப்படியே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் காசு கொடுக்கவேண்டும். பல கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும்.

2. கரண்ட்: எர்த், இன்வெர்ட்டர், பியூஸ்

ஆம்ப்புக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர்களில் அது தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும் அளவுக்கு. சேசிஸை, அதாவது சர்க்யூட் இருக்கும் உலோகப் பெட்டியை, திறக்கும் எந்த வேலையும் உங்களுடையது இல்லை. இந்தக் கட்டுரையிலும் அது வராது.

வீட்டில் மூன்று பின் சாக்கெட் இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகளில் அந்த மேல் பின்னுக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனை ஒரு முறை கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிடார் கம்பியைத் தொடும்போது விரலில் சுள்ளென்று அடித்தால் எர்த்தைச் சந்தேகப்படலாம். கம்பியைத் தொட்டதும் ஹம் (ஆம்ப்பின் 'ம்ம்' என்ற இரைச்சல்) கொஞ்சம் குறைவது இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம். சுள்ளென்று அடித்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். ஹம் போகிறது என்பதற்காக எர்த் பின்னைப் பிடுங்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள்.

ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரில் வால்வு ஆம்ப் ஓட்டவேண்டாம். டிரான்ஸ்பார்மர் இரையும், சூடாகும். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கும் பகுதியாக இருந்தால் ஸ்டெபிலைசர் போடுங்கள், ஏனென்றால் வால்வின் ஹீட்டருக்குப் போகும் 6.3 வோல்ட்டும் மெயின் வோல்டேஜோடு சேர்ந்தே ஏறி இறங்கும்.

பியூஸ் போனால் அதே மதிப்புள்ள, அதே வகை பியூஸையே போடவேண்டும். பின்பக்கத்தில் 'டி' (T) என்று தொடங்கும் எண் இருந்தால் அது மெதுவாக எரியும் வகை. புதிய பியூஸும் உடனே போனால் மூன்றாவதைத் தேடாமல் டெக்னீஷியனைத் தேடுங்கள்.

3. ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள்

டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப்பில் அப்படி இல்லை. ஸ்பீக்கர் இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளேயே பொறி பறக்கும். வால்வு ஆம்ப்பில் விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. காம்போ ஆம்ப்பில் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) ஸ்பீக்கர் ஜாக் பின்னாலிருந்து கழன்று தொங்குகிறதா என்று, குறிப்பாக வண்டியில் கொண்டுபோய் இறக்கிய பிறகு, கையால் தொட்டுப் பாருங்கள்.

தனி கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) வைத்திருந்தால் ஓம் கணக்கு பொருந்தவேண்டும். ஆம்ப்பில் 8 ஓம் ஜாக்கில் 8 ஓம் கேபினெட். இரண்டு 16 ஓம் கேபினெட்டுகளைப் பேரலலாகச் சேர்த்தால் மொத்தம் 8, இரண்டு 8 ஓம் சேர்த்தால் 4.

கேபிளிலும் ஏமாற இடம் இருக்கிறது. கிடார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஜாக்கும் அதேதான். ஆனால் கிடார் கேபிளின் உள்கம்பி முடிபோல மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போகும் கரண்டைத் தாங்காது. நான் தனி கேபினெட் வாங்கிய கடையில் "இதுவும் அதேதான் சார்" என்று ஒரு கிடார் கேபிளைத்தான் கட்டிக் கொடுத்தார்கள். ஜாக்கின் மூடியைத் திருகிப் பாருங்கள். கனமான இரண்டு கம்பிகள் சமமாக இருந்தால் ஸ்பீக்கர் கேபிள். நடுவில் ஒரு மெல்லிய கம்பியும் அதைச் சுற்றி வலைபோல் பின்னலும் இருந்தால் கிடார் கேபிள்.

4. ஆன் செய்யும் வரிசை

வால்யூம் எல்லாம் பூஜ்யத்தில். ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா பார்த்தாயிற்று. பவர் ஸ்விட்சைப் போடுங்கள், ஸ்டாண்ட்பை (வால்வு சூடாகும்வரை ஒலியை நிறுத்தி வைக்கும் ஸ்விட்ச்) அப்படியே இருக்கட்டும். ஒரு நிமிடம் கழித்து ஸ்டாண்ட்பையை எடுத்துவிடுங்கள். புளூஸ் ஜூனியர் போன்றவற்றில் ஸ்டாண்ட்பையே கிடையாது. ஆன் செய்து காத்திருந்தால் போதும்.

ஸ்டாண்ட்பை தேவையா இல்லையா என்று டெக்னீஷியன்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்குப் புரிந்தவரை, இடைவேளையில் பத்து நிமிடம் போடலாம், தப்பில்லை. மணிக்கணக்கில் ஸ்டாண்ட்பையில் விட்டுவைப்பதுதான் வால்வுக்கு நல்லதில்லை. நீண்ட நேரம் வாசிக்கப்போவதில்லை என்றால் ஆஃப் செய்துவிடுங்கள்.

ஆஃப் செய்ததும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. சூடான வால்வு அதிர்ச்சியைத் தாங்காது. கேபிளைச் சுருட்டி, கிடாரைப் பெட்டியில் வைத்து முடிக்கும் பத்து நிமிடம் போதும்.

5. எந்த ஜாக்கில் சொருகுவது

ஒரே ஜாக் இருந்தால் கவலையில்லை. இரண்டு இருந்தால் ஒன்று ஹை, இன்னொன்று லோ. ஃபெண்டர் வகையில் 2 என்று எழுதியது சுமார் 6 டெசிபல் குறைவாக எடுத்துக்கொள்ளும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிடாரில் கிளீன் டோன் (பிசிறில்லாத சுத்தமான ஒலி) சீக்கிரமே உடைகிறது என்றால் 2-இல் சொருகிப் பாருங்கள். மற்றபடி 1 தான்.

6. சத்தம் முதலில்: கெயின், வால்யூம், மாஸ்டர்

ஆம்ப் சரியில்லை என்று விற்றுவிட நினைப்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேதான்.

ஒரு நல்ல 12 அங்குல கிடார் ஸ்பீக்கர், வெறும் 1 வாட்டுக்கே ஒரு மீட்டர் தள்ளி 98, 100 டெசிபல் சத்தம் போடும். செலஸ்டியன் கம்பெனியின் 'கிரீன்பேக்' ஸ்பீக்கர் 98, 'விண்டேஜ் 30' ஸ்பீக்கர் 100. 100 டெசிபலைக் காதுக்குக் கேடில்லாமல் கேட்க ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நயோஷின் கணக்கு. இது 1 வாட்டுக்கு. உங்களிடம் இருப்பது 15 வாட். "சின்ன ஆம்ப்தானே, வீட்டுக்குப் போதும்" என்பது இங்கேதான் அடிபடுகிறது.

இன்னொன்று, வாட்டைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் பாதியாகாது. 3 டெசிபல் குறையும், அவ்வளவே. காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் குறையவேண்டும், அதாவது வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். டிஎஸ்எல்20-இல் 20, 10 என்று பவரைக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். சட்டப்படியே இந்தியாவில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல், பகலில் 55 என்றுதான் வரம்பு.

இப்போது குமிழ்கள். கெயின் (சில ஆம்ப்களில் வெறும் வால்யூம் என்றிருக்கும்) முதல் கட்ட வால்வுகளுக்கு எவ்வளவு சிக்னல் போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. மாஸ்டர், அது முடிந்து பவர் வால்வுகளுக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுகள்) எவ்வளவு போகிறது என்பதை. கெயின் கூட, மாஸ்டர் குறைய என்றால் முதல் கட்ட டிஸ்டார்ஷன் (சிக்னல் அளவு மீறி ஒலி பிசிறடிப்பது), சத்தம் குறைவு, ஒலி கொஞ்சம் மெலிந்து கரகரப்பாக இருக்கும். கெயின் குறைய, மாஸ்டர் கூட என்றால் கிளீன், சத்தம் அதிகம், தடவினால் மென்மை, அடித்தால் கடினம் என்று விரலுக்கு நன்றாகப் பதில் சொல்லும்.

புளூஸ் ஜூனியரில் குமிழின் பெயர் வால்யூம் என்றாலும் வேலை கெயினுடையது. அது தெரியாமல் "வால்யூமைக் கூட்டினால் சத்தம் வராமல் டிஸ்டார்ஷன் வருகிறதே" என்று குழம்புபவர்கள் உண்டு.

செய்முறை இதுதான்:

மாஸ்டரை முழுக்க இடது ஓரத்தில் வையுங்கள். கெயினை 12 மணிக்கு, அதாவது குமிழின் கோடு கடிகார முள்போல நேர்மேலே நிற்கும் இடத்தில், வையுங்கள். கிடாரில் வால்யூம் முழுவதும் திறந்திருக்கட்டும். ஒரு கார்டை அடித்துக்கொண்டே மாஸ்டரை மெல்ல மெல்ல ஏற்றி, உங்கள் அறையும் அக்கம்பக்கமும் தாங்கும் சத்தத்தில் நிறுத்துங்கள். இனி அந்தச் சத்தம் மாறக்கூடாது. கெயினைக் கூட்டினால் மாஸ்டரைக் குறைக்கவேண்டும், குறைத்தால் கூட்டவேண்டும். இப்படி ஒன்றுக்கொன்று ஈடுகட்டியபடியே கெயினைத் தேடுங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அந்த ஏமாற்றிலிருந்து தப்ப வேறு வழியில்லை.

குமிழின் எண்ணை நம்பாதீர்கள். பல ஆம்ப்களில் 3, 4-க்குள்ளேயே சத்தத்தின் பெரும்பகுதி வந்துவிடும். அதற்கு மேல் வருவது சத்தமில்லை, டிஸ்டார்ஷன்தான். வீட்டில் மாஸ்டர் 1-க்கும் 2-க்கும் நடுவில் மயிரிழையில் நிற்கிறது என்றால் ஆம்ப்பில் குறையில்லை. அப்படித்தான் இருக்கும்.

கெயினைப் பொறுத்தவரை என் கருத்து: பிடித்த இடத்துக்குத் திருப்பிவிட்டு, அங்கிருந்து ஒரு மணி அளவு குறையுங்கள். தனியாக வாசிக்கும்போது டிஸ்டார்ஷன் குறைவாகத் தெரியும். டிரம்ஸ், பேஸ் கிடாரோடு சேரும்போது அந்த அளவே போதும் என்பது விளங்கும். கெயின் அதிகமானால் கார்டில் சுரங்கள் பிரியாமல் ஒரே குழம்பாகிவிடும், இரைச்சலும் கூடும்.

கிளீனுக்கும் கிரஞ்சுக்கும் (லேசான டிஸ்டார்ஷன்) நடுவே கெயினை வைத்துவிட்டால், மீதி வேலையை கிடாரின் வால்யூம் குமிழே பார்த்துக்கொள்ளும். 10-இல் கிரஞ்ச், 6, 7-இல் கிளீன். வால்வு ஆம்ப்புக்கு இவ்வளவு காசு கொடுப்பதே இதற்காகத்தான் என்பேன்.

உண்மையிலேயே பவர் வால்வுகளை உழைக்கவைத்து, சத்தத்தையும் குறைக்கவேண்டும் என்றால் ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யுவேட்டர் போடவேண்டும். ஓமும் ஆம்ப்புக்குப் பொருந்தவேண்டும், தாங்கும் வாட்டும் ஆம்ப்பைவிட அதிகமாக இருக்கவேண்டும். வால்வுகள் சீக்கிரம் தேயும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. பேஸ், மிடில், ட்ரெபிள்

ஹோம் தியேட்டரில் இருப்பதுபோல, நடுவில் வைத்தால் சமம், வலது பக்கம் போனால் கூடும், இடது பக்கம் குறையும் என்று நினைத்தால் இங்கே எதுவும் பிடிபடாது. ஃபெண்டர், மார்ஷல் வகையில் இந்த மூன்று குமிழும் எதையும் கூட்டுவதில்லை. வரும் சிக்னலைக் குறைக்க மட்டுமே தெரியும். மூன்றையும் பூஜ்யத்தில் வைத்தால் ஃபெண்டர் வகை ஆம்ப்பில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. ஆம்ப் செத்துவிட்டது என்று பயந்துபோய்க் கடைக்குத் தூக்கிச் செல்பவர்களும் இருக்கிறார்கள்.

மேலும், இவை ஒன்றையொன்று இழுக்கும். மாடித் தொட்டி ஒன்றிலிருந்து இறங்கும் மூன்று குழாய்களில் ஒன்றை முழுக்கத் திறந்தால் மற்ற இரண்டிலும் வேகம் குறையும் அல்லவா, அப்படி. ட்ரெபிளை மிக உயரத்தில் வைத்தால் மிடில் குமிழ் அவ்வளவாகப் பேசாது. "மிடில் வேலை செய்யவில்லை" என்று தோன்றினால் முதலில் ட்ரெபிளைக் குறைத்துப் பாருங்கள்.

எல்லாம் 12 மணியில் இருக்கும்போதே ஃபெண்டர் வகையில் நடுப்பகுதி, அதாவது 400, 500 ஹெர்ட்ஸ் அருகே, பள்ளமாகத்தான் இருக்கும். மார்ஷல் வகையில் அந்தப் பள்ளம் ஆழம் குறைவு, இன்னும் கொஞ்சம் மேலே நிற்கும். ஃபெண்டரில் சமமான ஒலி வேண்டுமென்றால் பேஸும் ட்ரெபிளும் பூஜ்யம், மிடில் முழுக்க என்று வைத்துக் கேளுங்கள். அழகாக இருக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் கிடார் உண்மையில் எப்படி ஒலிக்கிறது என்பது தெரியும்.

வரிசை: முதலில் மிடில். பிறகு பேஸ். கடைசியில் ட்ரெபிள். மூன்றையும் 12 மணியில் வைத்துத் தொடங்கி, மிடிலை மட்டும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகத் திருப்பிக் கேளுங்கள். வேண்டிய இடம் கிடைத்ததும் பேஸுக்குப் போங்கள். தடித்த கம்பியை உள்ளங்கையால் லேசாக அமுக்கி அடித்தால் 'தும்' என்று ஒலித்து நிற்கவேண்டும், அறை முழுக்கப் பரவி உருளக்கூடாது. ட்ரெபிள் கடைசியில், மெல்லிய இரண்டு கம்பிகளை அடித்துப் பார்த்து. மூன்றும் முடிந்ததும் மிடிலுக்கு ஒரு முறை திரும்பி வந்து சரிபார்க்கவேண்டும், ஏனென்றால் ட்ரெபிள் அதை அசைத்திருக்கும்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிடிலை இறக்கி வைத்தால் பெரிய ஒலி போலத் தோன்றும். காரணம், குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ்ச்சுரங்களும் மேல்சுரங்களும் சரியாகக் கேட்காது. அதே அமைப்போடு மேடைக்குப் போனால் பேஸ் கிடாரிலும் சிம்பலிலும் கிடார் கரைந்துபோகும். கிடாரின் இடம் மிடிலில்தான் இருக்கிறது. மேடைக்குப் போகும்போது பேஸை இரண்டு மணி அளவு இறக்கி, மிடிலை ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக, மூக்கால் பேசுவது மாதிரி இருக்கும். சேர்ந்து வாசிக்கும்போது சரியாக உட்காரும்.

இன்னொரு நுணுக்கம். டீலக்ஸ் ரிவர்ப் போன்ற பழைய ஃபெண்டர் சர்க்யூட்டில் டோன் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கின்றன. வால்யூமை ஏற்றும்போது பேஸைக் குறைக்காவிட்டால் ஒலி சேறாகிவிடும். மார்ஷலில் முதல் கட்ட டிஸ்டார்ஷன் முடிந்த பிறகுதான் டோன் குமிழ்கள் வருகின்றன, அதனால் பேஸைக் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம்.

பிரைட் ஸ்விட்ச் (மேல்சுரங்களைத் தூக்கிக் காட்டுவது) இருந்தால், அது வால்யூம் குறைவாக இருக்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். வால்யூமை ஏற்ற ஏற்ற அதன் வேலை மறைந்துவிடும். வீட்டுக்கு ஆஃப், மேடைக்கு எப்படியிருந்தாலும் சரி.

8. பிரசன்ஸ், ரெசனன்ஸ், கட்

இவை பவர் வால்வுப் பக்கம் வேலை செய்பவை. பிரசன்ஸ், ட்ரெபிளுக்கும் மேலே உள்ள கூர்மையைத் தொடும். ரெசனன்ஸ் (சில ஆம்ப்களில் டெப்த்) அடிப்பகுதியின் இறுக்கத்தை. டோன் குமிழ்களை முடித்த பிறகுதான் இவற்றைத் தொடவேண்டும். இரண்டையும் 9, 10 மணி அளவில் வைத்துத் தொடங்குங்கள். ட்ரெபிள் போதவில்லை என்று பிரசன்ஸை ஏற்றினால் காது குத்தும்.

வாக்ஸ் ஏசி15-இல் பிரசன்ஸ் கிடையாது. அதற்குப் பதில் கட். பழைய வாக்ஸ் சர்க்யூட்டில் இது தலைகீழ்: கூட்டக் கூட்ட மேல்சுரம் குறையும். உங்களுடையதில் எந்தத் திசை என்று ஒரு முறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். டாப் பூஸ்ட் சேனலில் மிடில் குமிழே இல்லை. பேஸ், ட்ரெபிள் இரண்டையும் குறைத்தால் மிடில் கூடியது மாதிரி.

9. ரிவர்ப், ட்ரெமலோ

ரிவர்ப் (பெரிய அறையில் கேட்பதுபோன்ற எதிரொலிப்பு) 9 மணி. அதற்கு மேல் உங்கள் விருப்பம். பல ஆம்ப்களில் உள்ளே இருப்பது ஸ்பிரிங், அப்படிப்பட்ட ஆம்ப்பைக் காலால் தட்டினால் இடி இடிக்கும், பயப்படவேண்டாம். ட்ரெமலோவில் (சத்தம் சீராக ஏறி இறங்குவது) முதலில் ஆழத்தை முழுக்க வைத்து வேகத்தைப் பாட்டுக்குப் பொருத்துங்கள், பிறகு ஆழத்தைக் குறையுங்கள்.

10. பெடல்கள்: முன்னாலா, லூப்பிலா

வா-வா பெடல், கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் எல்லாம் கிடாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில். டிலே, ரிவர்ப் பெடல்கள், ஆம்ப்பின் டிஸ்டார்ஷனைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பின்னால் உள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில் (முதல் கட்டத்துக்கும் பவர் கட்டத்துக்கும் நடுவே பெடல் சேர்க்கும் ஜாக்குகள்): சென்ட் ஜாக்கிலிருந்து பெடலின் இன்புட்டுக்கு, பெடலின் அவுட்புட்டிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு. டிலேயை முன்னால் போட்டால் எதிரொலிகளும் சேர்ந்து டிஸ்டார்ட் ஆகிக் குழம்பும். கிளீனாக வாசிப்பவருக்கு எங்கே போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. டிஎஸ்எல்20-இல் லூப் இருக்கிறது, புளூஸ் ஜூனியரில் இல்லை. லூப் முக்கியமென்றால் வாங்கும்போதே பார்த்து வாங்கவேண்டும், பிறகு போட்டுக்கொள்வது செலவு.

ஓவர்டிரைவ் பெடலை ஆம்ப்பைத் தள்ளுவதற்குப் பயன்படுத்தினால் பெடலின் டிரைவ் குறைவாக, லெவல் கூட. ஆம்ப் ஏற்கெனவே லேசான கிரஞ்சில் இருக்கட்டும்.

11. ஆம்ப் நிற்கும் இடம்

இதைக் குமிழாகவே எண்ணுங்கள். அறை மூலையில் வைத்தால் பேஸ் ஏறும். தரையிலிருந்து நாற்காலி மேல் ஏற்றினால் பேஸ் குறையும். ஸ்பீக்கரின் கூர்மையான ஒலி நேராகக் குறுகிப் போகிறது. தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கிறது. நீங்கள் ட்ரெபிள் போதவில்லை என்று ஏற்றுவீர்கள், எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்தவர் காதைப் பொத்திக்கொள்வார். ஆம்ப்பைச் சாய்த்து உங்கள் முகத்தைப் பார்க்கவையுங்கள், பிறகு டோனை முடிவு செய்யுங்கள்.

பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், சூடு வெளியேற வேண்டும். ஆறிய பிறகு துணி போட்டு மூடிவையுங்கள். வால்வின் கதகதப்புக்குப் பல்லி உள்ளே குடியேறும், விளையாட்டாகச் சொல்லவில்லை. கடலோர ஊர்களில் ஈரம் ஏறிக் குமிழ்கள் திருப்பும்போது கரகரவென்னும். அவ்வப்போது எல்லாக் குமிழ்களையும் இந்த ஓரம் அந்த ஓரம் பத்துமுறை திருப்பினாலே பெரும்பாலும் சரியாகும்.

12. தொடங்குவதற்குச் சில அமைப்புகள்

புளூஸ் ஜூனியரில் கிளீன்: வால்யூம் 3, மாஸ்டர் சத்தத்துக்கேற்ப, ட்ரெபிள் 5, மிடில் 7, பேஸ் 4, ரிவர்ப் 2, ஃபேட் ஸ்விட்ச் ஆஃப். டிஎஸ்எல்20-இல் கிரஞ்ச்: கிளாசிக் கெயின் சேனல், கெயின் 6, ட்ரெபிள் 5, மிடில் 7, பேஸ் 5, பிரசன்ஸ் 4, ரெசனன்ஸ் 3, டோன் ஷிஃப்ட் ஆஃப். அந்த டோன் ஷிஃப்ட் மிடிலைக் குடைந்தெடுக்கும். வீட்டில் அட்டகாசமாக இருக்கும், இசைக்குழுவில் காணாமல் போவீர்கள். ஏசி15-இல் மணியோசை போன்ற டோனுக்கு டாப் பூஸ்ட் வால்யூமை 12 மணியில், ட்ரெபிளும் பேஸும் 11-இல் வைத்து, கூர்மையை 'கட்' குமிழால் அடக்குங்கள்.

பிடித்த அமைப்பு கிடைத்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒத்திகை அறையில் யாராவது திருப்பிவிடுவார்கள்.

13. வால்வு மாற்றும் செலவும் காலமும்

வால்வுகள் தேய்பவை. அடிக்கடி வாசிப்பவருக்குப் பவர் வால்வுகள் ஒன்றிரண்டு வருடம், முதல் கட்ட வால்வுகள் அதைவிடப் பல மடங்கு உழைக்கும். ஏறக்குறைய விலை: முதல் கட்ட வால்வான 12ஏஎக்ஸ்7 ஒன்று (இசிசி83 என்றாலும் அதேதான்) 1,500 முதல் 3,000 ரூபாய், பவர் வால்வுகளில் இஎல்84 ஜோடி 4,000 முதல் 6,000, இஎல்34 ஜோடி அதற்கும் மேல். கிடார் ஆம்ப்புக்கான வால்வு இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்று வெகு சில இடங்களில்தான் பெரும்பாலும் தயாராகிறது. 2022-இல் ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி நின்றபோது விலை எங்கும் ஏறியது. ஆகவே ஒரு 12ஏஎக்ஸ்7-ஆவது வாங்கிக் கையில் வைத்திருங்கள். பவர் வால்வை ஜோடியாகத்தான் வாங்கவேண்டும், தனித்தனியாக வாங்காதீர்கள்.

முதல் கட்ட வால்வை மாற்ற டெக்னீஷியன் தேவையில்லை. ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, உலோக மூடியைக் கழற்றி, லேசாக ஆட்டி நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். புதியதைப் போடும்போது பின்களின் இடைவெளியைப் பார்த்துச் சொருகுங்கள், அழுத்திச் சொருகினால் பின் வளையும். பவர் வால்வுகளுக்கு பயாஸ் கணக்கு (வாசிக்காதபோதும் வால்வில் எவ்வளவு கரண்ட் ஓடவேண்டும் என்பது) உண்டு. டிஎஸ்எல் வகையில் டெக்னீஷியன் பயாஸ் பார்க்கவேண்டும். ஏசி15 தானே சரிசெய்துகொள்ளும் வகை. புளூஸ் ஜூனியரில் பயாஸ் நிலையானது, திருகிச் சரிசெய்ய வழி வைக்கவில்லை.

வால்வு போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆம்ப் ஓடும்போது பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சிறிய வால்வையும் மெதுவாகத் தட்டுங்கள். லேசான 'டிக்' பரவாயில்லை. மணி அடித்ததுபோல் ரீங்கரித்தாலோ கீச்சிட்டாலோ அதை மாற்றுங்கள். இன்புட் ஜாக்குக்கு அருகில் உள்ளதுதான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. கண்ணாடி உட்புறத்தில் நீல ஒளி தெரிந்தால் பயமில்லை, நடுவில் ஆரஞ்சு நிறம் தெரிவதும் இயல்பு. பவர் வால்வுக்குள் இருக்கும் சாம்பல் நிறத் தகடே செக்கச்செவேலென்று பழுத்தால் அந்த நொடியே ஆஃப் செய்யுங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தால் வால்வோடு டிரான்ஸ்பார்மரும் சேரும்.

டெக்னீஷியனிடம் போகும்போது "சவுண்டு சரியில்லை" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. எந்த சேனலில், ஆன் செய்து எவ்வளவு நேரம் கழித்து, எந்தக் குமிழைத் திருப்பினால் மாறுகிறது, கிடாரைப் பிடுங்கிவிட்டாலும் அந்த இரைச்சல் வருகிறதா, வால்வுகள் கடைசியாக எப்போது மாறின என்று ஒரு தாளில் எழுதி, பில்லின் நகலோடு கொடுங்கள். போனில் இருபது வினாடி ஒலியைப் பதிவுசெய்து காட்டுவதும் உதவும். கூலி எவ்வளவு, எத்தனை நாளாகும், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவாரா என்பதை ஆம்ப்பை விட்டுவிட்டு வரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.